ஆப்பிரிக்காவில் கொசு பரப்பும் வைரஸ் காய்ச்சல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள், பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டுச் செய்தியைப் பார்த்துப் பதறுகிற பெற்றோர், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் பேச்சிலேயே இருக்கின்றன. ஆப்பிரிக்கா 54 நாடுகள் கொண்ட கண்டம் என்பதால், முடிந்த இடத்திலெல்லாம் நாட்டின் பெயரோடு பதில் சொல்கிறேன்.

ஆப்பிரிக்கான்னா மலேரியாதானே? இதுல வைரஸ் எங்க வந்துச்சு?

கொசுக்கடியால் அங்கே அதிக உயிர் போவது இன்றும் மலேரியாவால்தான். ஆனால் மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணி. நேரத்தோடு கண்டுபிடித்தால் மாத்திரையில் குணமாகிவிடும்.

வைரஸ் காய்ச்சல்கள் தனிக் கூட்டம். மஞ்சள் காய்ச்சல், டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல், வெஸ்ட் நைல் ஆகியவை முக்கியமானவை. இவற்றில் எதற்கும் வைரஸையே ஒழிக்கும் மருந்து கையில் இல்லை. நீர்ச்சத்து குறையாமல், ரத்தக்கசிவு வராமல் பார்த்துக்கொண்டு உடம்பு தானாகத் தேறும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை.

எபோலா, எய்ட்ஸ் எல்லாம் கொசுவால பரவுமா?

பரவாது. ஒரு வைரஸ் கொசுவின் குடலுக்குள் பெருகி, அதன் உமிழ்நீர்ச் சுரப்பிவரை போனால்தான் அடுத்த கடியில் வெளியே வரும். எச்.ஐ.வி கொசுவின் வயிற்றில் செரித்துப்போகிறது. எபோலா நோயாளியின் உடல் திரவங்களைத் தொடுவதால் பரவுவது.

எல்லாத்துக்கும் ஒரே கொசுதானா?

நகரங்களில் பெரும்பாலும் ஏடிஸ் எஜிப்தி. காலில் வெள்ளை வளையம் போட்ட, பகலில் கடிக்கிற, வீட்டுத் தொட்டியிலும் டிரம்மிலும் பழைய டயரிலும் முட்டையிடுகிற அதே கொசு. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, நகர்ப்புற மஞ்சள் காய்ச்சல் நான்கையும் இதுவே பரப்பும். அதன் உறவான ஏடிஸ் அல்போபிக்டஸ் ஆசியாவிலிருந்து போய் இப்போது மத்திய, மேற்கு ஆப்பிரிக்க நகரங்கள் பலவற்றில் குடியேறிவிட்டது. வெஸ்ட் நைல் வைரஸைக் கியூலெக்ஸ் கொசு பறவைகளிடமிருந்து எடுத்து வருகிறது.

விதிவிலக்கு ஒன்று: ஓ-நியாங்-நியாங். சிக்குன்குனியாவுக்கு நெருங்கிய சொந்தமான இந்த வைரஸை, மலேரியா பரப்பும் அனோபிலிஸ் கொசுதான் பரப்புகிறது. 1959-இல் உகாண்டாவில் கிளம்பி, 1962-க்குள் கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமார் 20 லட்சம் பேரை மூட்டு வலியில் படுக்க வைத்தது. அப்புறம் பல ஆண்டுகள் அடங்கிப்போய், 1996-இல் மறுபடி தலைகாட்டியது.

எந்த வைரஸ் பேரைக் கேட்டாலும் உகாண்டாங்கறாங்க. எல்லாம் அங்கதான் உற்பத்தியா?

அங்கே தேடினார்கள், அதனால் அங்கே கிடைத்தது. 1936-இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உகாண்டாவின் என்டெபேயில் மஞ்சள் காய்ச்சல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. மஞ்சள் காய்ச்சல் கிழக்கு ஆப்பிரிக்காவில் எதுவரை பரவியிருக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். அதற்காக மனிதர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள், கொசுக்களை ஆயிரக்கணக்கில் பிடித்து அரைத்தார்கள், காட்டு மரங்களில் மேடை கட்டிக் கூண்டுக் குரங்குகளை வைத்தார்கள். வலை ஒன்றுக்கு விரித்தது. மாட்டியது வேறு பல. வெஸ்ட் நைல் 1937-இல், செம்லிக்கிக் காட்டு வைரஸ் நாற்பதுகளில், ஜிகா 1947-இல். ஜிகா என்பது என்டெபே பக்கத்திலுள்ள காட்டின் பெயர். அங்கே கூண்டில் இருந்த ஒரு ரீசஸ் குரங்கின் ரத்தத்தில்தான் அது முதலில் அகப்பட்டது.

இதே உழைப்பைக் காங்கோ படுகையிலோ போர்னியோவிலோ அன்றைக்குப் போட்டிருந்தால் இன்னும் எத்தனை பெயர்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்குமோ. பட்டியலில் ஓர் ஊரின் பெயர் இருப்பது, அங்கே ஓர் ஆய்வுக்கூடம் இருந்ததற்கும் சேர்த்து அடையாளம்.

காட்டுல குரங்குகிட்ட இருக்கிறது ஊருக்குள்ள எப்படி வருது?

மஞ்சள் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். காட்டின் உச்சிக் கிளைகளில் ஏடிஸ் ஆப்பிரிக்கானஸ் என்ற கொசு குரங்குகளைக் கடித்து வைரஸைச் சுற்றில் வைத்திருக்கிறது. ஆப்பிரிக்கக் குரங்குகளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. உகாண்டாவின் புவாம்பா பகுதியில் அடுத்த கட்டத்தைக் கண்டார்கள். குரங்குகள் வாழைத் தோட்டத்தில் திருட வரும். வாழை இலைக் காம்பு தண்டோடு சேரும் இடத்தில் தேங்கும் துளி நீரில் இன்னொரு ஏடிஸ் இனம் வளரும். அது குரங்கையும் கடிக்கும், தோட்டக்காரரையும் கடிக்கும். தோட்டக்காரர் காய்ச்சலோடு சந்தைக்கோ நகரத்துக்கோ போகிறார். அங்கே ஏடிஸ் எஜிப்தி காத்திருக்கிறது. அதன்பின் குரங்குக்கு வேலையில்லை, மனிதனிடமிருந்து மனிதனுக்கே ஓடும்.

ஏடிஸ் எஜிப்தியும் ஒரு காலத்தில் ஆப்பிரிக்கக் காட்டில் மரப்பொந்து நீரில் வளர்ந்து விலங்குகளைக் கடித்த கொசுதான். ஆப்பிரிக்காவில் 27 இடங்களிலிருந்து முட்டைகளைச் சேகரித்துச் செய்த ஆய்வு ஒன்று 2020-இல் வந்தது. நீண்ட, கடுமையான கோடை உள்ள இடத்துக் கொசுக்களும், மக்கள் நெருக்கமான நகரக் கொசுக்களும் விலங்கை விட்டு மனிதனை அதிகம் நாடுகின்றன என்று அதில் தெரிந்தது. மழை இல்லாத மாதங்களில் தண்ணீர் இருக்கும் ஒரே இடம் மனிதன் சேர்த்து வைத்த பானை. அங்கே பிழைக்க வேண்டுமானால் மனிதனோடு ஒட்டத்தான் வேண்டும். ஆப்பிரிக்க நகரங்கள் இப்போது வளரும் வேகத்தில், இந்த நாட்டம் இன்னும் பல ஊர்களில் கூடும் என்று அந்த ஆய்வு கணிக்கிறது. எனக்கு இதுதான் மற்ற எதைவிடவும் கவலை தருகிறது.

மஞ்சள் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் ஒண்ணா? கீழாநெல்லி குடிச்சா போதுமா?

ஒன்றல்ல. காமாலை என்பது கல்லீரல் கெட்டால் தெரியும் அறிகுறி. அதற்குப் பல காரணங்கள் உண்டு. மஞ்சள் காய்ச்சல் அந்தக் காரணங்களில் ஒன்று மட்டுமே. பலருக்குச் சாதாரணக் காய்ச்சலோடு போய்விடும். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் விட்டதுபோல் இருந்து, மறுபடி கடுமையாகத் திரும்பும். கண் மஞ்சளாகி, ரத்தம் கசிந்து, சிறுநீரகம் தடுமாறும். இந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 7 முதல் 10 நாளில் இறந்துவிடுகிறார்கள். கைமருந்துக்கு இங்கே இடமில்லை.

தடுப்பூசி எப்பவோ வந்துடுச்சே, இன்னும் ஏன் ஆளுங்க சாகறாங்க?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமான பதில். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்த மாக்ஸ் டைலர் அமெரிக்காவில் உருவாக்கிய 17டி தடுப்பூசி 1937-இல் வந்தது. 1951-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். ஒரே ஊசி, ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு. இன்றும் போடுவது அந்த வழியில் வந்ததுதான். அதற்கு முன் இந்த நோயைத் தேடிப் போய் உயிரை விட்ட ஆய்வாளர்கள் உண்டு: 1927-இல் லாகோஸில் ஏட்ரியன் ஸ்டோக்ஸ், 1928-இல் அக்ராவில் ஹிடேயோ நொகுச்சி.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மேற்கு ஆப்பிரிக்காவில் டாக்காரில் தயாரான வேறொரு தடுப்பூசியை நாற்பதுகளிலிருந்து எல்லோருக்கும் கட்டாயமாகப் போட்டார்கள். நோய் அந்தப் பகுதியில் கிட்டத்தட்ட மறைந்தது. ஆனால் அந்த ஊசி சில குழந்தைகளுக்கு மூளை அழற்சியைத் தந்ததால், 1960-ஐ ஒட்டிச் சிறு பிள்ளைகளுக்குப் போடுவதை நிறுத்தினார்கள். மாற்று ஊசி ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 1965-இல் செனகலின் டியூர்பெல்லில் நோய் வெடித்தபோது அடிபட்டவர்கள் பெரும்பாலும் ஊசி போடாத அந்தக் குழந்தைகள். ஊசியே எட்டாத எத்தியோப்பியாவில் 1960–62-இல் சுமார் 30,000 பேர் இறந்ததாக மதிப்பீடு.

அதன்பிறகும் கதை அதேதான். ஊசி போட்டால் நோய் மறைகிறது. நோய் மறைந்தால் பணமும் அக்கறையும் வேறு பக்கம் போகின்றன. ஊசி போடாத ஒரு தலைமுறை வளர்ந்து நிற்கிறது. கருவுற்ற கோழி முட்டைகளில் வளர்த்துத் தயாரிப்பதால் அவசரத்துக்கு உற்பத்தியைக் கூட்டவும் முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளர்கள் நான்கே பேர். அவர்களில் ஆப்பிரிக்காவில் இருப்பது டாக்கார் பாஸ்டர் நிலையம் மட்டும்.

ஒரு ஆளுக்கான ஊசியை அஞ்சு பேருக்குப் பிரிச்சுப் போட்டாங்களாமே, அது ஏமாத்து வேலை இல்லையா?

இல்லை. 2015 டிசம்பரில் அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவை ஒட்டிய வியானாவில் மஞ்சள் காய்ச்சல் தொடங்கி, 2016-இல் காங்கோவின் கின்ஷாசாவரை போனது. அவசரக் கையிருப்பு திரும்பத் திரும்பக் காலியானது. ஒரு டோஸில் தேவைக்கு மேலேயே வைரஸ் இருக்கும் என்பது ஏற்கனவே தெரிந்ததால், கின்ஷாசாவில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு மட்டும் போட்டார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு பகுதியினரைச் சோதித்ததில் 98 சதவீதத்தினருக்கு எதிர்ப்பு இருந்தது. நோயும் நின்றது.

ஆனால் பங்கு டோஸ் அவசரத்துக்குத்தான். பயணச் சான்றிதழுக்கு முழு டோஸ் போட்டிருக்க வேண்டும்.

2006-ல எங்க ஊரே முடங்கிக் கெடந்துச்சே, அந்த சிக்குன்குனியா ஆப்பிரிக்காவுல இருந்தா வந்துச்சு?

ஆமாம். முதலில் இனம் கண்டது 1952–53-இல், இன்றைய தான்சானியாவின் தெற்கே மகோண்டே மேட்டுநிலத்தில். நாம் பார்த்த அலை 2004-இல் கென்யாவின் லாமு தீவில் எழுந்தது. அந்தத் தீவில் முக்கால்வாசிப் பேருக்கு வந்துபோனது. பிறகு மொம்பாசா, 2005-இல் கொமொரோஸ், அப்புறம் ரீயூனியன். தமிழ் வம்சாவளியினர் கணிசமாக வாழும் அந்தத் தீவில் மூன்றில் ஒருவருக்கு நோய் வந்தது. அங்கே வைரஸில் ஏற்பட்ட ஒரு சிறு மாற்றம், அல்போபிக்டஸ் கொசுவிலும் எளிதாகப் பெருக வழி செய்தது. 2005 கடைசியில் ஆந்திரா, கர்நாடகத்தில் தொடங்கி 2006-இல் தமிழ்நாட்டையும் போட்டுத் தாக்கியது அதே கிழக்கு ஆப்பிரிக்க வம்சம்தான்.

ஆனால் சென்னைக்கு அது முதல் தடவை இல்லை. 1964-இலேயே மெட்ராஸில் பெரிய அளவில் வந்திருக்கிறது. 1973-க்குப் பிறகு இந்தியாவில் 32 ஆண்டுகள் பெரிதாக எழாததால், அதைப் பார்த்த மருத்துவர்களே குறைந்துபோனார்கள்.

டெங்கு நம்ம ஊர் நோயாச்சே, ஆப்பிரிக்காக்காரங்களுக்கு வராதுன்னு சொல்றாங்களே?

வருகிறது. கணக்கில்தான் வராமல் இருந்தது. 2009-இல் கேப் வர்டி, 2013-இல் மொம்பாசாவும் லுவாண்டாவும், 2014-இல் தார் எஸ் சலாம் என்று செய்திகள் வந்தபடியே இருந்தன. 2023-இல் புர்கினா பாசோவில் 1.4 லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தேக நோயாளிகள், 600-க்கும் மேல் இறப்பு. ஒரே ஆண்டில் இவ்வளவு பேர் திடீரென்று பிறந்துவந்த நோயால் விழவில்லை.

கணக்கு ஏன் தப்புகிறது? கிராமத்து மருத்துவ நிலையத்தில் காய்ச்சல் என்று போனால் விரலைக் குத்தி மலேரியாச் சோதனை செய்வார்கள். மலேரியா அதிகமுள்ள இடங்களில் அறிகுறி இல்லாதவர் ரத்தத்திலும் ஒட்டுண்ணி இருக்கும். ஆகவே உண்மையில் டெங்கு வந்தவருக்கும் சோதனை 'மலேரியா' என்று காட்டலாம். 'இல்லை' என்று காட்டினாலும், அடுத்து டெங்குவுக்குச் சோதிக்கப் பொருள் இருக்காது. வெறும் 'காய்ச்சல்' என்று பதிவாகி முடிந்துவிடும்.

உடல்வாகால் பாதுகாப்பு என்ற பேச்சுக்குச் சிறிது ஆதாரம் உண்டு. 1981-இல் கியூபாவில் கறுப்பினத்தவர்களுக்குக் கடும் டெங்கு குறைவாக இருந்தது. கடுமை குறைவது வேறு, நோயே வராது என்பது வேறு. புர்கினா பாசோவின் இறப்புகளைப் பார்த்த பிறகும் இதைச் சொல்லிக்கொண்டிருப்பது சரியில்லை.

ஜிகா அங்கதான் பொறந்துச்சு. ஆனா தலை சின்னதான குழந்தைங்க பிரேசில்ல மட்டும் ஏன்?

1947-இல் கண்டெடுத்த பிறகு அறுபது ஆண்டுகளில் உலகத்திலேயே பதிவான மனித நோயாளிகள் 14 பேர்தான். பசிபிக் தீவுகளில் 2007-இல் பெருகி, 2015-இல் பிரேசிலில் வெடித்தது ஆசியக் கிளை வைரஸ். அது 2015–16-இல் பிரேசில் பக்கத்திலிருந்து கேப் வர்டிக்கும் அங்கோலாவுக்கும் வந்தது. இரண்டு இடத்திலும் தலை சிறுத்த குழந்தைகள் பிறந்தார்கள். வைரஸ் ஊர் சுற்றிவிட்டுத் தாய்க்கண்டத்துக்கே திரும்பிய கதை.

ஆப்பிரிக்கக் கிளை சாதுவானது என்று முடிவு கட்டக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் எலிகளில் பார்த்தபோது, அது கருவைச் சிதைத்தே விடுகிறது. குழந்தை குறையோடு பிறப்பதற்குப் பதில் கரு கலைந்துபோனால், காரணத்தை யாரும் தேட மாட்டார்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: ஆப்பிரிக்காவின் பழைய வகை ஏடிஸ் எஜிப்தி, வெளிநாட்டு வகையைவிட ஜிகாவை ஏற்றுக்கொள்வது குறைவு. மனிதனை நாடும் வகை பெருகினால் என்ன ஆகும் என்பதற்குக் காட்டையும் ஊரையும் பற்றிய மேலுள்ள பதிலைப் பாருங்கள்.

ஆடு மாட்டுக்கு வர்ற ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் மனுஷனுக்கும் வருமா?

வரும். கொசுக்கடியைவிட, நோயுற்ற விலங்கின் ரத்தத்தையும் கரு கலைந்த திசுக்களையும் தொடுவதாலேயே அதிகம். மேய்ப்பர், கசாப்புக்காரர், கால்நடை மருத்துவர் முதலில் படுப்பார்கள். பெரும்பாலோர் தேறிவிடுவார்கள்; சிலருக்குப் பார்வை போகும்; சுமார் ஒரு சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவு வரும். மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவியதாகப் பதிவு இல்லை.

இதன் போக்கு விநோதமானது. 1930–31-இல் கென்யாவின் நைவாஷா ஏரிப் பக்கம் ஆட்டுக்குட்டிகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது கண்டுபிடித்தார்கள். பிறகு பல ஆண்டுகள் சத்தமே இருக்காது. திடீரென்று ஒரு பெருமழை ஆண்டில் எல்லா ஆடுகளும் கருவைப் போடும். வறண்ட புல்வெளிப் பள்ளங்களின் மண்ணில் ஏடிஸ் கொசு முட்டைகள், தாயிடமிருந்தே பெற்ற வைரஸோடு, ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பள்ளம் நிரம்பினால் பொரித்து, முதல் கடியிலேயே வைரஸைத் தரும். தண்ணீர் வாரக்கணக்கில் நின்றால் கியூலெக்ஸ் பெருகி மிச்ச வேலையைச் செய்யும். எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) மழை கொட்டிய 1997–98-இலும் 2006–07-இலும் கென்யா, சோமாலியா, தான்சானியா அடிபட்டன. இரண்டாவது முறை, கடல் வெப்பத்தையும் புல்வெளியின் பசுமையையும் செயற்கைக்கோளில் பார்த்து நாசா ஆய்வாளர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். எச்சரிக்கை சரியாகவே இருந்தது. தடுப்பூசியோடு ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் ஆடுகள் விழத் தொடங்கிவிட்டன.

மழை மட்டும் காரணமல்ல. செனகல் ஆற்றில் டியாமா அணை 1986-இல் முடிந்தது. மறு ஆண்டே மொரிட்டானியாவின் ரோசோ பக்கம் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2000-இல் சவூதி அரேபியாவுக்கும் யேமனுக்கும் போய்க் கண்டத்தைத் தாண்டியது. அதையடுத்துச் சவூதி 2009 வரை வைத்திருந்த கால்நடை இறக்குமதித் தடை சோமாலிய மேய்ப்பர்களின் வயிற்றில் அடித்தது. அதிலிருந்து ஒன்று விளங்கும்: ஆடு கருவைப் போட்டால் அதிகாரிக்குச் சொல்ல ஏன் தயங்குகிறார்கள் என்பது.

மழை வந்தாதான கொசு? வறட்சியிலயும் வருதுங்கறாங்களே?

மேலே சொன்ன லாமு தீவில் 2004-இல் வறட்சி. குழாய் வராததால் எல்லோரும் குடத்திலும் தொட்டியிலும் நீரைச் சேர்த்து, நாள்கணக்கில் கழுவாமல் வைத்திருந்தார்கள். அதுவே போதும். பூமி சூடாவதும் ஒரு காரணம்தான், குறிப்பாகக் குளிர்ந்த மேட்டுநிலங்களில். ஆனால் தண்ணீர் ஒழுங்காக வராத நகரமும் குப்பையில் கிடக்கும் டயரும் இன்றைக்கே செய்யும் வேலையை வெப்பநிலைமேல் மட்டும் போட்டுவிடுவது, மாநகராட்சிகளுக்கு வசதியான சாக்கு.

கோடிக்கணக்குல கொசுவலை குடுத்தாங்களே, அது பத்தாதா?

அது இரவில் கடிக்கும் அனோபிலிஸுக்கு. மலேரியாவை வெகுவாகக் குறைத்தது. பகலில் கடிக்கும் ஏடிஸுக்கு, பகலில் தூங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் மட்டுமே வலை உதவும்.

இதில் நம் பக்கத்திலிருந்து போன ஒரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. சென்னையின் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி 2012-இல் ஜிபூட்டியில் தென்பட்டது. 2012-இல் 27 மலேரியா நோயாளிகள் இருந்த அந்த நாட்டில் 2020-இல் 73,000-ஐத் தாண்டியது. எத்தியோப்பியா, சூடான், நைஜீரியா, கென்யா, கானா என்று பரவிவிட்டது. பரப்புவது மலேரியாதான், ஆனால் வளர்வது ஏடிஸ் வளரும் அதே தொட்டிகளில். தொட்டியை மூடினால் இரண்டுக்கும் சேர்த்து மூடியதாகும்.

அடுத்த மாசம் வேலைக்குக் கிளம்பறேன். என்ன பண்ணணும்?

போகும் நாடும், வழியில் இறங்கும் நாடும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கின்றனவா என்று டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். பட்டியல் மாறும். ஊசி அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டுமே. சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. சான்றிதழ் ஊசி போட்டு 10 நாள் கழித்தே செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் செல்லும். முட்டை ஒவ்வாமை, எதிர்ப்பாற்றல் குறைவு, கர்ப்பம், 60 வயதுக்கு மேல் என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அங்கே காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மலேரியாச் சோதனை. இல்லை என்று வந்தால் டெங்குவையும் கேளுங்கள். முடிவு தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் வேண்டாம். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தாலும் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

நம்ம ஊர்லயும் அதே கொசு இருக்கே, மஞ்சள் காய்ச்சல் ஏன் இங்க வரல?

உறுதியான விடை யாரிடமும் இல்லை. டெங்கு வந்து போனவர்களுக்குக் கொஞ்சம் குறுக்கு எதிர்ப்பு இருக்கலாம். ஆசியக் கொசுக்கள் இந்த வைரஸை அவ்வளவு நன்றாகப் பரப்பாமல் இருக்கலாம். வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். 1640-களில் அடிமைக் கப்பல்களில் கரீபியனுக்குப் போய்க் குடியேறிய வைரஸ் கிழக்கே மட்டும் வரவில்லை.

2016-இல் அங்கோலாவில் வேலை பார்த்த சீனர்கள் 11 பேர் வைரஸோடு விமானத்தில் ஊர் திரும்பினார்கள். அங்கே அது பரவாமல் நின்றது. கப்பலில் வாரக்கணக்கில் ஆன வழியில் இப்போது சில மணி நேரம்தான் ஆகிறது. அதனால்தான் சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து வருபவரை இந்தியா 6 நாள்வரை தனிமையில் வைக்கிறது. வைரஸ் உடம்புக்குள் போய் நோயாகத் தெரிய ஆகும் காலம் அது. விமான நிலையத்தில் கெஞ்சினாலும் விட மாட்டார்கள்.